வெட்டில்லாமல் மூளையைத் தொடும்போது

(வடபழனியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடம்பாக்கம் பாலத்திலிருந்து ஆற்காடு சாலை வழியாக வடபழனிக்கு வருபவர்கள் இரண்டு தொழில்களைப் பார்க்காமல் வர முடியாது. ஒன்று படத்தொழில், அதன் ஒலிப்பதிவுக் கூடங்கள். மற்றொன்று மருத்துவம். விஜயா, வாகினி ஸ்டுடியோக்களை நடத்திய நாகிரெட்டியார் 1972இல் இங்கே விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க மருத்துவமனைகளும் ஸ்கேன் நிலையங்களும் நிறைந்திருக்கின்றன. ஒலியும் மருத்துவமும் ஒன்றுசேரும் ஒரு பொருளைப் பேச இது பொருத்தமான இடம்.

குவிக்கப்பட்ட மீயொலியைக் கொண்டு மூளையின் வலையமைப்பை மாற்றுவதுதான் இன்றைய பொருள். கருவுற்ற பெண்களுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பயன்படும் ஒலிக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றே. மனிதக் காது 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேல் அதிரும் ஒலியைப் பல திசைகளிலிருந்தும் அனுப்பி, மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு இடத்தில் சேரவைக்கிறார்கள். ஒலியின் வலிமையைக் கூட்டினால் அந்த இடம் வெந்துபோகும். மிகவும் குறைத்து, துடிப்பு துடிப்பாக அனுப்பினால், எதுவும் வேகாது. ஆனால் அந்த இடம் மற்ற இடங்களோடு சேர்ந்து இயங்கும் விதம் சிறிது நேரத்துக்கு மாறுகிறது. இந்த இரண்டாவது வகையில்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இப்போது ஆர்வமாக இருக்கின்றன.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி தோலைக் கிழிப்பதில்லை, எலும்பைத் துளைப்பதில்லை. அந்த ஒரு காரணத்தாலேயே இதை இலேசான சிகிச்சை என்று நினைத்துவிடுவோமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஒருவருடைய மூளைச் சுற்றுகளில் கை வைப்பதற்கு எவ்வளவு யோசனையும் சம்மதமும் நீண்ட காலக் கண்காணிப்பும் வேண்டுமோ, அவ்வளவும் இதற்கும் வேண்டும். சென்னையில் நின்றுகொண்டு இதைச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. மூளைச் சுற்றுகளை மாற்றி நோயைத் தணிக்கும் முயற்சி இந்த ஊருக்குப் புதிதல்ல.

1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்ற இருவர், மனித மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு புள்ளியை மூன்று திசை அளவுகளால் குறித்து, அங்கே மெல்லிய ஊசியைச் செலுத்தும் முறையை வெளியிட்டிருந்தார்கள். ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்று அதற்குப் பெயர். ராமமூர்த்தியும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் அதைச் சென்னையில் வளர்த்தெடுத்தார்கள். அப்போது சி.டி. ஸ்கேன் இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. மூளையின் உள்ளறைகளுக்குள் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த நிழலின் விளிம்பை வைத்துக்கொண்டு, படத்தில் தெரியாத உறுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். சில மில்லிமீட்டர் தவறினால் பேச்சு போகலாம், கை கால் விழலாம். அந்த நிலையில் அவர்கள் காட்டிய துணிவையும் கணக்குத் திறனையும் இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கனகா 1932இல் பிறந்தவர், 2018இல் மறைந்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களுள் ஒருவர். 1970களின் நடுவிலேயே, மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பொருத்தி மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் முயற்சியை அவர் மேற்கொண்டார். இன்று பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல், பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் 1987இல் செய்த பணிக்குப் பிறகுதான் உலகெங்கும் பரவியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு தமிழ்ப் பெண் அந்தத் திசையில் நடந்திருக்கிறார் என்பது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அந்தக் குழு செய்த இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனால் இன்றைய பொருளுக்கு அதுதான் மையம். கட்டுக்கடங்காத மூர்க்கமும் ஓயாத பரபரப்பும் கொண்ட நோயாளிகளுக்கு, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் இரு பக்கமும் சிறு புண் உண்டாக்கினார்கள். அதில் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு ஹைப்போதலாமஸ் என்ற மற்றொரு பகுதியின் பின்பக்கத்தில் செய்தார்கள். ராமமூர்த்தி 1988இல் வெளியிட்ட கட்டுரை, முந்தைய 28 ஆண்டுகளில் இத்தகைய அறுவைகள் 603 செய்யப்பட்டதைச் சொல்கிறது. அவற்றில் 481 அமிக்டலாவில் செய்தவை, 122 ஹைப்போதலாமஸில் செய்தவை. போதைப் பழக்கத்துக்காக சிங்குலம் என்ற நார்க்கற்றையைத் துண்டித்த அனுபவத்தையும் பாலசுப்பிரமணியமும் கனகாவும் 1973இல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த வகை அறுவைகளுக்கு, மனத்தை அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை என்ற பொருளில் அவர்கள் பெயரிட்டிருந்தார்கள்.

அந்த நோயாளிகளில் பலர் சிறுவர்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அறிவு வளர்ச்சி குன்றியவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பராமரிக்க முடியாமல், மருந்தும் பலிக்காமல், வேறு வழியில்லை என்று வந்து நின்ற பெற்றோரை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கையெழுத்திட்டவர்கள் அந்தப் பெற்றோர். மாறியது பிள்ளைகளின் மூளை. அந்த மருத்துவர்களைக் குற்றவாளிகளாக்குவது எனக்கு உடன்பாடில்லை. தம் எண்களை ஒளிக்காமல் உலகுக்கு அச்சிட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும், வைத்த புண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும், எதை மாற்றுகிறோம் என்பதை அன்றைக்கு யாரும் படமாகப் பார்த்திருக்கவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு குறைகளையும் மீயொலி எவ்வளவு தூரம் தீர்க்கிறது என்று இனிப் பார்க்கலாம்.

மீயொலியைக் கொண்டு மூளையைத் தொடும் யோசனையும் பழையதுதான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரை, ஃபிரான்சிஸ் ஃபிரை என்ற சகோதரர்கள் 1950களில் இதற்கான கருவிகளைக் கட்டினார்கள். அயோவாவின் ரஸல் மையர்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் சிகிச்சை அளித்தார்கள். ஆனால் மண்டையோட்டின் ஒரு பகுதியை முதலில் எடுத்துவிட்டுத்தான் ஒலியைச் செலுத்த வேண்டியிருந்தது. எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும். அதோடு, கடந்துபோகும் ஒலியைக் கலைத்தும்விடும்.

கலைத்துவிடும் என்பதன் பொருளை இந்த வட்டாரத்து ஒலிப்பதிவாளர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்து, அவற்றின் ஃபேஸ் பொருந்தாமல் போனால், இரண்டு ஒலியும் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி சன்னமாகிவிடும். தலைக்குள்ளும் அதேதான். மென்திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. கெட்டியான எலும்பில் அதைப்போல இருமடங்கு வரை வேகம் கூடுகிறது. மண்டையோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இல்லை. ஆகவே வெவ்வேறு இடம் வழியாக நுழைந்த அலைகள் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கின்றன. குவிய வேண்டிய இடத்தில் குவிவதில்லை. இந்தத் தடையைத் தாண்டப் பல பதிற்றாண்டுகள் ஆயின. குல்லர்வோ ஹைனினென், ஃபெரென்ஸ் யோலெஸ் ஆகியோர் பாஸ்டனில் செய்த வேலை அதற்கு வழி திறந்தது. நோயாளியின் மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு இடத்தின் தடிமனுக்கும் ஏற்ப ஒவ்வொரு அலையையும் முன்னும் பின்னுமாகத் தள்ளி அனுப்பக் கணினி கற்றுக்கொண்டது. இஸ்ரேலின் இன்சைட்டெக் நிறுவனம் செய்யும் கருவியில், தலையைக் கவிந்துகொள்ளும் அரைக்கோளத்தில் 1024 ஒலிமுனைகள் இருக்கின்றன. சுமார் 650 கிலோ ஹெர்ட்ஸில் அவை அதிர்கின்றன. அந்த அதிர்வெண்ணில் ஒலியின் அலைநீளம் மூளைக்குள் 2.3 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அவ்வளவு சிறிய இடத்தில் குவிக்க முடிகிறது.

கை நடுக்கத்துக்கு இது இப்போது ஏற்கப்பட்ட சிகிச்சை. எசென்ஷியல் ட்ரெமர் என்ற நோயில் சாப்பாட்டுக் கவளம் வாய்க்குப் போகும் முன் சிதறும், கையெழுத்துப் போடமுடியாது, காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் தளும்பும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் எலியாஸ் தலைமையில் 76 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. 56 பேருக்கு உண்மைச் சிகிச்சையும் 20 பேருக்கு வெறும் பாவனைச் சிகிச்சையும் அளித்தார்கள். 3 மாதத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் 47 சதவீதம் குறைந்தது. மற்றவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. 12 மாதம் கழித்து அந்தப் பலன் 40 சதவீதமாக நின்றது. அந்த ஆண்டே அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் ராயல் கேர் மருத்துவமனை இந்தக் கருவியைக் கொண்டுவந்து இந்தியாவில் முன்னோடியாகச் சிகிச்சை அளித்துவருகிறது.

சிகிச்சை நாளில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முடியை முழுவதும் மழிக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் அதற்குத் தயங்குவதில்லை. தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, ஒலிமுனைக் கவசத்துக்கும் தோலுக்கும் இடையில் காற்று நீக்கிய குளிர்ந்த நீரை ஓடவிட்டு, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் பல மணி நேரம் அசையாமல் கிடப்பதுதான் சிரமம். நோயாளி விழித்தே இருப்பார். முதலில், மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியின் குறிப்பிட்ட ஒரு நரம்பணுத் தொகுதியில் இதமான சூடு மட்டும் கொடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. அந்தச் சூட்டை அளந்து காட்டும். நோயாளியை வெளியே இழுத்து, கையில் பேனாவைக் கொடுத்து, சுருள் கோடு வரையச் சொல்வார்கள். நடுக்கம் சற்றுக் குறைந்திருந்தால் இடம் சரி. நாக்கு மரத்தாலோ உதட்டில் ஊறல் தெரிந்தாலோ இடத்தை நகர்த்துவார்கள். எல்லாம் சரியான பிறகே 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி அந்தச் சிறு இடத்தை நிரந்தரமாக அழிப்பார்கள். ராமமூர்த்தி குழுவுக்குக் கிடைக்காத ஒரு வசதி இது. இடம் சரியா என்று முன்கூட்டியே, மீளக்கூடிய வகையில், சோதித்துவிட முடிகிறது.

சில மில்லிமீட்டர் இடத்தை அழித்தால் கை நடுக்கம் ஏன் நிற்க வேண்டும்? அந்த இடத்தில் நோய் இல்லை. சிறுமூளையிலிருந்து தலாமஸ் வழியாக, மூளையின் வெளிப்படலமான புறணியின் இயக்கப் பகுதிக்குப் போகும் சுற்றில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாளம் சந்திக்கும் இடத்தில் வழியை மறித்ததால் சுற்று முழுவதும் மாறுகிறது. பக்க விளைவுகளும் அதே காரணத்தால் வருகின்றன. 2016 ஆய்வில் நடைத் தடுமாற்றம் முதலில் 36 சதவீதம் பேரிடமும், 12 மாதம் கழித்தும் 9 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரத்துப்போதல் 38 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. கத்தி படாத சிகிச்சைதான் இது. ஆனாலும் ஓராண்டு கழிந்தும் பதினொருவரில் ஒருவருக்கு நடை தள்ளாடியது. எல்லோருக்கும் இது பொருந்துவதும் இல்லை. மண்டையோட்டின் பஞ்சுப் பகுதியின் அடர்த்தி, கெட்டிப் பகுதியின் அடர்த்தியோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாக இருந்தால் போதிய சூடு உள்ளே சேராது.

இப்போது மெல்லிய மீயொலிக்கு வருகிறேன். அது சூடாக்குவதில்லை, அழிப்பதும் இல்லை. ஃபிரை சகோதரர்களே 1958இல் பூனைகளில் ஒன்றைக் கண்டார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் இருக்கும் நரம்பணுத் தொகுதியில் மீயொலியைச் செலுத்தியபோது, ஒளிக்கு மூளை காட்டும் மின்பதில் குறைந்தது. ஒலியை நிறுத்திச் சற்று நேரத்தில் அது திரும்பிவந்தது. இந்தச் செய்தி அரை நூற்றாண்டு காலம் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. 2010இல் அரிசோனாவில் வில்லியம் டைலர் குழு எலிகளின் இயக்கப் புறணியை மண்டையோட்டின் வழியே தூண்டிக் காட்டியது. 2014இல் வின் லெகான் மனிதரில் செய்தார். தொடுவுணர்வுப் புறணிக்கு ஒலி சென்றபோது, விரலில் வைத்த இரு முனைகளைத் தனித்தனியாக உணரும் திறன் சற்றுக் கூர்மையானது.

இணைப்பு மாறுவதை எப்படி அளக்கிறார்கள்? இந்த இடத்தில் ஓர் இந்தியரைச் சொல்ல வேண்டும். 1995இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த பரத் பிஸ்வால், எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவர்களை எம்.ஆர்.ஐ.யில் தொடர்ந்து படமெடுத்தார். கைகளை அசைக்கும் இடப்பக்கப் புறணியும் வலப்பக்கப் புறணியும், கை அசையாதபோதுகூட, சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டார். கருவியின் இரைச்சல் என்று பலர் ஒதுக்கிய மெல்லிய அலைவில் அவர் ஒழுங்கைப் பார்த்தார். எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை வைத்து மூளையின் வலையமைப்பை வரையும் துறை முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

அந்த அளவுகோலைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டில் 2019இல் வெளியான இரண்டு ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தவை. லெனார்ட் வெர்ஹாகன், டேவிட் ஃபொல்லோனி ஆகியோர் மயக்கத்தில் இருந்த குரங்குகளுக்கு 250 கிலோ ஹெர்ட்ஸ் மீயொலியை 40 விநாடி மட்டும், துடிப்புகளாக, செலுத்தினார்கள். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஒலி பட்ட பகுதி மற்றப் பகுதிகளோடு கொண்டிருந்த இணைவு மாறியிருந்தது. ஒலி படாத மற்றப் பகுதிகளின் இணைவு பெரிதும் மாறவில்லை. புறணியின் மேற்பரப்பில் மட்டுமல்ல, அமிக்டலாவிலும் இது நடந்தது. சென்னையில் ஊசி இறங்கிய அதே அமிக்டலாதான். 40 விநாடியில், எதையும் சிதைக்காமல், அதன் இணைப்புகளை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மாற்றி, பின்பு பழைய நிலைக்கே விட்டுவிட முடிகிறது. 603 அறுவைகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதரிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அரிசோனாவில் ஜே சாங்குவினெட்டி குழு 2020இல் வலது முன்மூளையின் ஒரு பகுதிக்கு ஒலி கொடுத்தபோது, மனநிலை சற்று மேம்பட்டதையும், உணர்ச்சி சார்ந்த வலையமைப்புகளில் இணைவு மாறியதையும் கண்டது. இங்கிலாந்தின் பிளிமத்தில் 2023இல், மூளையின் நடுவாக உள்ளே மடிந்திருக்கும் சிங்குலேட் புறணியில் செய்தபோது இணைவு கூடியது. அதன் பின்பகுதியில், நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளும் குறைந்தது. ஒலி எப்படி நரம்பணுவை அசைக்கிறது என்பதிலும் வெளிச்சம் விழுந்துவருகிறது. நரம்பணுவின் சவ்வில் இருக்கும், இழுவிசைக்கு இசைந்து திறக்கும் அயனி வாயில்கள்தான் முக்கியக் காரணம் என்று பல சோதனைகள் காட்டுகின்றன.

மாணவர்கள் இந்தத் துறையை நம்புவதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018இல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று மினசோட்டாவிலிருந்து, மற்றொன்று கால்டெக்கிலிருந்து. எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் மீயொலியால் மூளை தூண்டப்படுகிறது என்று நினைத்ததில் பெரும்பகுதி, விலங்குகளின் காது வழியாக நடந்தது என்று அவை காட்டின. துடிப்புகள் தொடங்கும்போதும் முடியும்போதும் எலும்பு வழியாக ஒரு மெல்லிய சத்தம் உட்காதுக்குப் போய்விடுகிறது. அந்தச் சத்தம் மூளை முழுவதையும் எழுப்பிவிடுகிறது. துறை அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. துடிப்பின் விளிம்புகளை மெதுவாக ஏற்றி இறக்குகிறார்கள். காதில் மறைப்பொலி கொடுக்கிறார்கள். வேறோர் இடத்துக்கு ஒலி கொடுத்து ஒப்பிடுகிறார்கள். இனி எந்த ஆய்வைப் படித்தாலும் இதையெல்லாம் செய்தார்களா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இணைவு மாறியது என்றால் நோய் தீர்ந்தது என்று பொருளாகாது. இரண்டு பகுதிகளின் இரத்த ஆக்ஸிஜன் அளவு சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. ஒன்று மற்றொன்றோடு என்ன பேசியது என்று காட்டுவதில்லை. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்ட்டின் மான்ட்டி, தலையடிபட்டு நினைவு மங்கிக் கிடந்த 25 வயது இளைஞரின் தலாமஸுக்கு மீயொலி கொடுத்தார். சில நாளில் அவர் தெளிந்து, கேட்பதற்குத் தலையசைத்துப் பதில் சொன்னார். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. தானாகவே தேறும் நேரத்தில் இது தற்செயலாக ஒத்துவந்திருக்கவும் கூடும் என்று மான்ட்டியே சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். மருத்துவமனை விளம்பரத்தில் அந்த வாக்கியம் இடம்பெறாது என்பதால்தான் இங்கே சொல்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் அலி ரெசாய் குழு, போதைக்கு அடிமையானவர்களின் மூளையில், வேட்கையோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கு மெல்லிய மீயொலி கொடுத்துப் பார்த்துவருகிறது. கொரியாவிலும் கனடாவிலும் தீராத எண்ணச் சுழற்சி நோய்க்கு, சுடும் மீயொலியால் நார்க்கற்றையை அழித்துச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். 1973இல் சென்னை எடுத்துக்கொண்ட கேள்விகள் புதிய கருவியோடு திரும்பி வந்திருக்கின்றன. நம் நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமானால் நோயாளியின் அறிந்த சம்மதமும் மனநல ஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட அந்தப் பெற்றோரின் காலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை.

அந்தச் சட்டம் கத்தியையும் ஊசியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சுடும் மீயொலி தோலைத் தொடாவிட்டாலும் மூளைத் திசுவை அழிக்கிறது. ஆகவே அதை அந்தச் சட்டத்துக்குள்ளேயே நடத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மெல்லிய மீயொலி எதையும் அழிப்பதில்லை. அதன் விளைவு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் பின்பு கலைந்துவிடுகிறது. அதை எந்தத் தட்டில் வைப்பது? வாரந்தோறும், மாதக்கணக்கில், ஒருவருடைய உணர்ச்சிச் சுற்றுக்கு ஒலி கொடுத்தால் மாற்றம் அப்படியே தங்கிவிடுமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி. தங்கவேண்டும் என்பதுதானே சிகிச்சையின் நோக்கமும். தங்கினால், அறுவைக்கு நாம் கேட்கும் அதே சம்மதத்தை இதற்கும் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும், சம்மதம் சொல்ல இயலாதவர்களுக்கும், ஆய்வாகக்கூட இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு மாறுபடும் மருத்துவ நண்பர்கள் உண்டு. மருந்தும் பலிக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாயிடம் போய் இதைச் சொல்ல முடியுமா என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அதே கேள்விக்கு 1960களில் இந்த ஊர் என்ன பதில் சொன்னது என்பதும் தெரிந்திருப்பதால்தான் பொறுக்கச் சொல்கிறேன்.

சென்னைக்கு இதில் பங்கு இருக்கிறது. கிண்டியில் ஐஐடி வளாகத்தில் இயங்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளைகளை மிக நுண்ணிய துண்டுகளாகச் சீவி முழுமையாகப் படமெடுத்துவருகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5132 துண்டுகளில் காட்டும் தரணி என்ற தொகுப்பை 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாக வெளியிட்டது. மூளைக்குள் எந்த நார்க்கற்றை எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஒலியைக் குறிவைக்க முடியாது. அந்த அறிவு இங்கேயே உருவாகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிலையத்தில் ஸ்டீரியோடாக்டிக் மரபு இருக்கிறது. ஸ்கேன் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. இல்லாதது ஒன்றுதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் 5 ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப்போய் எழுதிவைக்கும் பதிவேடு.

அந்தப் பதிவேட்டுக்குப் பெரிய பணம் தேவையில்லை. மீயொலிச் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரையும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் குறிக்க வேண்டும். கையெழுத்து மாதிரி, நடை, பேச்சு, தூக்கம், கோபம், அழுகை, வேலைக்குப் போகிறாரா என்பது, வீட்டார் சொல்வது. இவை முதலில் ஆண்டுக்கு இரண்டு முறையும், பிறகு ஒரு முறையும். இயன்றவர்களுக்கு, சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஓய்வுநிலை எம்.ஆர்.ஐ.யும். ஆய்வாக நடப்பவை அனைத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சையைச் சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்றால் காட்டுவார்கள். ஆய்வில்லை, வழக்கமான சிகிச்சைதான் என்றால், எந்த நோய்க்கு, எந்த அரசின் ஒப்புதலோடு என்று கேளுங்கள். நடுக்கத்துக்குக் கிடைத்த ஒப்புதல் மனச்சோர்வுக்கோ ஞாபக மறதிக்கோ செல்லாது.

மாணவர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். சம்மதப் படிவத்தைத் தமிழில், ஆங்கிலத்தின் நிழல் படாமல், ஆற்காடு சாலையில் ஆட்டோ ஓட்டுபவரும் படித்துப் புரிந்துகொள்ளும் விதத்தில் எழுதுங்கள். கொடுக்கப்போவது சுடும் ஒலியா, மெல்லிய ஒலியா என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதா, திரும்பாததா என்று இரண்டாவது வரியில் இருக்கட்டும். மூளையின் எந்தச் சுற்று, அந்தச் சுற்று வேறென்ன வேலை செய்கிறது, குணம் மாற வாய்ப்புண்டா, நடுவில் வேண்டாமென்றால் நிறுத்தலாமா, 5 ஆண்டு கழித்து யார் வந்து பார்ப்பார்கள் என்பவையும் வேண்டும். எழுதியதை நரம்பியல் பேராசிரியரிடம் காட்டும் முன், கை நடுங்கும் ஒருவரிடமும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளிடமும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் படிவத்தில் சேருங்கள்.